பெசகா அப்பம் அவிக்காத வீடு

மார்ச் 3, திங்கள்

இன்று நோன்பு தொடங்குகிறது. எனக்கு நோன்பில் நம்பிக்கை கிடையாது. ஆனால் ஈஸ்டர் வரை மீன், இறைச்சி, முட்டை, பால் எதுவும் இந்த வீட்டுக்குள் வராது என்பது என் கணவர் குரியன் குடும்பத்து வழக்கம். அதை என் உடம்புக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம். சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எடை அறுபத்தெட்டு. ஐம்பது வயதைத் தொடுவதற்குள் ஐந்து கிலோவாவது இறங்காவிட்டால் மாத்திரைதான்.

நாகர்கோவிலில் பெண்கள் கல்லூரியில் ஊட்டச்சத்தியல் நடத்துகிறேன். வருஷா வருஷம் மாணவிகளிடம், தின்றதையெல்லாம் எழுதிக்கொண்டு வரச் சொல்வேன். நான் ஒருமுறையும் எழுதியதில்லை. இனி எழுதுகிறேன்.

காலை: கேழ்வரகுப் புட்டு, கடலைக் கறி. மதியம்: சிவப்பரிசிச் சோறு ஒரு கப், முருங்கைக்கீரை, காணத் துவையல். இரவு: கோதுமைக் கஞ்சி.

குரியனுக்கு மீன் இல்லாமல் சோறு இறங்காது. நோன்பு தொடங்கிய முதல் வாரமே முகம் வாடிவிடும்.

போன ஜூலையில், மழை விடாமல் அடித்த ஒரு காலையில், ஆறு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்துவிட்டு வருகிறேன் என்று ரப்பர் தோட்டத்துக் கீழ்ப்பக்கம் போனார். குடை கரையில் கிடந்தது. வேறெதுவும் கிடைக்கவில்லை. கிடைக்காத ஒன்றைப் பற்றி முடிவாக எதுவும் சொல்ல முடியாது என்பது என் நிலை. போலீஸ்காரர்களும் அதையேதான் வேறு வார்த்தைகளில் சொன்னார்கள்.

மார்ச் 9, ஞாயிறு

எடை அறுபத்தொன்பது. எந்திரத்தை நகர்த்தி, சமமான தரையில் வைத்து மறுபடி ஏறினேன். மாற்றமில்லை.

எழுதியதைக் கூட்டிப் பார்த்தேன். இந்த அளவுக்குச் சாப்பிடும் பெண் மெலிய வேண்டும். உடம்பில் நீர் தங்கியிருக்கலாம். மாதவிடாய் நிற்கப்போகும் வயதில் நடப்பதுதான்.

மார்ச் 10, திங்கள்

சாப்பாட்டு அறையில் ஆற்று நீரின் பாசி மணம். கிணற்று மோட்டாரின் குழாயைச் சுத்தம் செய்யச் சொல்ல வேண்டும்.

மார்ச் 15, சனி

பங்குக் கோயிலின் மாதர் சங்கத்தில் என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். 'நோன்பிலும் பெசகா வாரத்திலும் எடை கூடாமல் உண்பது எப்படி' என்பது தலைப்பு. எடை கூடிக்கொண்டிருக்கும் ஒருத்தி பேசுவதற்கு ஏற்ற தலைப்புதான். ஒப்புக்கொண்டாகிவிட்டது, போனேன்.

எதிர்வீட்டு ரோசிலி முன்வரிசையில் இருந்தாள். இந்தக் குலசேகரத்தில் ரப்பர் போடுவதற்காகப் பாலாவிலிருந்து வந்து குடியேறியவர்களின் மூன்றாம் தலைமுறை. குரியன் குடும்பமும் அப்படித்தான். நான் பாளையங்கோட்டைக்காரி. கல்யாணமாகி வந்து இத்தனை வருஷத்துக்குப் பிறகும் இவர்களுடைய வழக்கங்களைச் சற்றுத் தள்ளி நின்றுதான் பார்க்கிறேன்.

"நோன்பு இருந்தா மெலியணும். நமக்கு மட்டும் எப்படி டீச்சரே ஊதுது?" என்றாள் ரோசிலி.

"மரச்சீனிக் கிழங்கு, சக்கைப் பழம், ஏத்தங்காய் வறுவல் இதெல்லாம் நோன்புக் கணக்கில் சேராதா?" என்றேன்.

"மீனு இல்லல்லா? வயித்துக்கு எதையாவது காட்டிச் சமாதானம் சொல்லாண்டாமா?"

சிரித்தார்கள். சோற்றைக் குறைத்துப் பயறைக் கூட்டுங்கள், தேங்காய் எண்ணெயைக் கரண்டியால் அளந்து ஊற்றுங்கள், பசித்தால் மட்டும் உட்காருங்கள் என்று சொல்லிக்கொண்டே போனேன். பின்வரிசையில் ஒருத்தி எழுந்து, தேங்காய்ப்பாலும் வெல்லக்கட்டியும் காய்ச்சிய பெசகாப் பால் எவ்வளவு குடிக்கலாம் என்று கேட்டாள்.

"அரை தம்ளர்."

"அரை தம்ளரா! கர்த்தரே நேர்ல வந்து கேட்டாலும் டீச்சர் அளந்துதான் குடுப்பாவ" என்றாள் ரோசிலி. கூடம் முழுவதும் சிரிப்பு. நானும் சிரித்தேன்.

அந்தச் சிரிப்பிலேயே பின்வரிசைக்காரி கேட்டுவிட்டாள்: "இந்த வருஷம் டீச்சரும் அப்பம் அவிப்பியளா?"

கூடம் அடங்கிப்போயிற்று. ரோசிலி திரும்பி அவளை ஒரு பார்வை பார்த்தாள்.

ஏன் அடங்கியது என்று எனக்குத் தெரியும். ஈஸ்டருக்கு முந்தைய வியாழன்தான் பெசகா. அன்று மாலை இவர்கள் வீட்டுக்கு வீடு அரிசியும் உளுந்தும் அரைத்துப் புளிக்கவிடாமல் ஓர் அப்பம் அவிப்பார்கள். குருத்தோலைச் சிலுவையை அதன் மேல் வைப்பார்கள். குடும்பத் தலைவர் அதை முறித்து வயது வரிசைப்படி கொடுப்பார். ஆனால் அந்த வருஷம் சாவு விழுந்த வீட்டில் அப்பம் அவிக்கக் கூடாது. அந்த வீட்டுக்கு அக்கம்பக்கத்தார் கொண்டுவந்து தருவார்கள்.

"அரை தம்ளருக்கு மேல் வேண்டாம்" என்று மறுபடி சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

மார்ச் 19, புதன்

காலையில் கல்லூரி ஓய்வறையில் லில்லி மேடம் என் கோப்பையைப் பார்த்துவிட்டு, "என்ன, கட்டன் சாயாவுக்கு மாறிட்டீங்களா? அதுவும் கருப்பட்டி போட்டு?" என்றார்.

எனக்குக் கருப்பட்டி பிடிக்காது. குரியன்தான் அப்படிக் குடிப்பார். பால் நிறுத்தியிருப்பதால் வாய் வேறு சுவையைத் தேடுகிறது. அதில் வியக்க ஒன்றுமில்லை. ஒரு கோப்பைக்கு இருபது கிராம் கருப்பட்டி என்று வைத்தாலும் எடைக் கணக்கு நேராகவில்லை.

தைராய்டு பார்க்க ரத்தம் கொடுத்துவிட்டு வந்தேன்.

மார்ச் 22, சனி

தைராய்டு சரியாக இருக்கிறது. எடை எழுபது.

மார்ச் 30, ஞாயிறு

குரியனின் அக்கா அச்சாம்மா சேச்சி பத்தனம்திட்டாவிலிருந்து நேற்று வந்தார். இன்று மதியம் கிளம்பிவிட்டார். ஒரு வாரம் தங்குவதாகத்தான் வந்தது. சேச்சி பேசுவது பாதி மலையாளம். நான் தமிழில் எழுதுகிறேன்.

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். காலை பூசை முடிந்து வந்து, தலைவலி என்று சேச்சி முன்னறையில் படுத்தார். நான் சமைத்தேன். மதியம் எடுத்து வைத்துவிட்டு, அவர் தூங்குகிறார் என்று எண்ணிச் சாப்பிட உட்கார்ந்தேன். திடீரென்று சேச்சி தலைமுடி அவிழ்ந்தது கூடத் தெரியாமல் ஓடி வந்தார். "குரியா! மோனே!" என்று வாசலில் நின்று கத்தினார்.

என்னைப் பார்த்ததும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன சேச்சி?"

"இப்போ தொண்டையைச் செருமினது யாரு?"

நானாக இருக்கலாம். மிளகுக் குழம்பு. குரியன் சோற்றில் கை வைக்கும் முன் இரண்டுமுறை செருமுவார், அது சேச்சிக்குப் பழகிய சத்தம், பயணக் களைப்பு வேறு. இப்படித்தான் விளக்கினேன்.

சேச்சி அதைக் கேட்கவே இல்லை. மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தத் தட்டு யாருது?"

"என்னுடையது. சாப்பிட்டு முடித்துவிட்டேன்."

"அப்போ இந்தத் தட்டு?"

பதில் சொல்ல அது ஒரு கேள்வியா? இருவருக்குச் சமைத்துப் பழகிய கை. அளவு கொஞ்சம் கூடிப்போகிறது. எடுத்து வைத்ததை வீணாக்குவது எனக்குப் பிடிக்காது.

"அவன் நாற்காலியில் உட்கார்ந்து, அவன் தட்டில், அப்பளத்தை அவன் மாதிரி நொறுக்கிப் போட்டுத் தின்கிறாய்" என்றார் சேச்சி. சத்தமே இல்லாமல் சொன்னார். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து என் இடதுகையைப் பிடித்துக்கொண்டார். "ஜெசி, அவனுக்காக ஒரு குர்பானைப் பூசை வைக்கவில்லை. ஒரு மெழுகுதிரி கொளுத்தவில்லை. நான் அவன் கூடப்பிறந்தவள். கோயில் அச்சனிடம் போய்க் கேட்டேன். மனைவி சொல்லட்டும், அவள் சொல்லாமல் நான் எப்படி வைப்பேன் என்கிறார். பெசகாவுக்கு நீ அப்பம் அவிக்காதே. அது போதும். வேறொன்றும் நீ வாயால் சொல்ல வேண்டாம்."

"ஒரு மாவுப் பண்டத்தால் யாரையும் சாகடிக்கவும் முடியாது, பிழைக்க வைக்கவும் முடியாது, சேச்சி."

"அப்படியானால் அவிக்காமலே இரேன்."

மூன்று மணி பேருந்துக்குப் போகிறேன் என்று எழுந்துவிட்டார். நிறுத்தம் வரை பையைத் தூக்கிக்கொண்டு போனேன்.

மதியம்: சோறு ஒரு கப், மிளகுக் குழம்பு, அவியல்.

ஏப்ரல் 2, புதன்

இன்று கதவைப் பூட்டிக்கொண்டு சாப்பிட்டேன். யார் வரப்போகிறார்கள் என்று தெரியவில்லை.

ஏப்ரல் 7, திங்கள்

மாணவிகளின் உணவுப் பதிவுகளைத் திருத்தினேன். ஒருத்தி எழுதியதை நம்பினால் அவள் எழுந்து நடமாடவே முடியாது. கூப்பிட்டுக் கேட்டேன்.

"தம்பி தட்டுல மிச்சம் வெச்சத நான்தான் தினமும் தின்பேன் மேம். அது என் சாப்பாடு இல்லையே, அதனால எழுதல."

வாய்க்குள் போனதெல்லாம் உன் சாப்பாடுதான் என்று சொல்லி அனுப்பினேன். இந்த வேலையில் வருஷக்கணக்காகக் கண்டது இதுதான். யாரும் வேண்டுமென்று பொய் எழுதுவதில்லை. சிலவற்றை அவர்கள் சாப்பாடாகவே நினைப்பதில்லை.

எடை எழுபத்தொன்று.

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு

கோயிலில் ஆளுக்கொரு குருத்தோலை கொடுத்தார்கள். நான் கையை நீட்டியபோது கொடுக்கிற பையன் ஒன்றைத் தந்தான். நான் கையை எடுக்கவில்லை. இன்னொன்றும் தந்தான்.

மாலையில் முற்றத்துக் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். பாதைக்கு அந்தப் பக்கம் ரோசிலியும் அவள் கணவன் செறியானும் ரப்பர் ஷீட் அடுக்கியபடியே சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் நிற்பது தெரியவில்லை.

"அடுத்தாப்பல இருக்கது நம்மொதான். நம்மொதான் கொண்டு போணும்" என்றார் செறியான்.

"எனக்க கையால கொண்டு குடுக்க மாட்டேன். உங்க மாப்பிள செத்தாச்சுன்னு நான் போயிச் சொல்லவா?"

"அப்போ ஆரு கொண்டு போவா?"

"மத்தவியளும் இதத்தான் கேக்காவ. ஒவ்வொருத்தியும் மத்தவ கொண்டு போட்டும்னு இருக்கா."

"பெசகா அன்னைக்கு அந்தப் பிள்ளை அப்பம் இல்லாம இருக்கட்டும்னா சொல்லுத?"

"டீச்சர் அவிச்சிருந்தாவன்னா? நான் தட்டும் கையுமா போயி நின்னு என்ன பேச?"

"மணம் வருதான்னு பாரு. மணம் வந்தா திரும்பி வா."

"ஆமா, நான் என்ன நாயா, மணம் பிடிச்சிட்டு நடக்க? சவத்த விடும்."

துணியை எடுக்காமலே உள்ளே வந்தேன்.

இவ்வளவு நாளும் என் தீர்மானம் என்னோடு நிற்கும் என்று நினைத்திருந்தேன். வியாழக்கிழமை மாலை என் சமையலறையிலிருந்து மணம் வருகிறதா இல்லையா என்று இந்தப் பாதை முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும். வந்தால் குரியன் இருக்கிறார். வராவிட்டால் இல்லை.

ஏப்ரல் 16, புதன்

கடையில் கால் கிலோ உளுந்து வாங்கினேன். வீட்டில் இருந்தது தீர்ந்திருந்தது. உளுந்து இட்லிக்கும் ஆகும்.

ஏப்ரல் 17, பெசகா வியாழன்

இன்று நடந்ததை எழுதிவிட்டுத்தான் எழுவேன்.

மதியம் வரை ஒன்றும் தீர்மானிக்கவில்லை. பிறகு பார்த்தால் உளுந்து ஊறிக்கொண்டிருந்தது. சிறிய அப்பமாகப் போதும், ஒருவருக்கு நூறு கிராம் என்று முதலில் நினைத்தேன். அரிசி மாவை அளக்கும்போது வீட்டுக்கு எப்போதும் அவிக்கும் அளவுக்கே கை போட்டது. சின்ன உள்ளி, பூண்டு, சீரகம், தேங்காய் சேர்த்து அரைத்தேன். அரைத்த மாவைக் காத்திருக்க வைக்கக் கூடாது, புளிப்பு ஏறிவிடும். வட்டப் பாத்திரத்தில் ஊற்றி, குருத்தோலையைக் கிழித்துச் சிலுவையாக வைத்து, ஆவியில் ஏற்றினேன். நம்பிக்கை இல்லாதவள் அந்தச் சிலுவையை இரண்டுமுறை நேராக்கினேன்.

மணம் வந்தது. ஜன்னலைச் சாத்தலாமா என்று யோசித்தேன். சாத்தவில்லை.

வெயில் தாழ்ந்த நேரத்தில் பின்வாசலில் ரோசிலி. தோளில் போட்ட துண்டுக்கு அடியில் ஏதோ பாத்திரத்தைப் பிடித்திருந்தாள். வாழையிலையின் ஒரு முனை வெளியே தெரிந்தது. பாதி வழியில் மணம் அவளுக்குத் தட்டியிருக்க வேண்டும். ஆனாலும் வாசல் வரை வந்துவிட்டாள்.

இருவரும் நின்றோம். அடுப்பில் ஆவி சீறியது.

"சும்மாதான் வந்தேன் டீச்சரே. கொஞ்சம் கறிவேப்பிலை உண்டா?"

அவள் வீட்டு முற்றத்தில் இரண்டு மரம் நிற்கிறது. நான் வெளியே போய் ஒரு கொத்து ஒடித்துக் கொடுத்தேன். ஒற்றைக் கையால் வாங்கிக்கொண்டாள்.

"அப்பம் நல்ல மணமா இருக்கு" என்றாள். அவள் கண்ணைப் பார்க்க முடியவில்லை. திரும்பிப் பாதையில் இறங்கினாள்.

அடுப்பை அணைத்து, அப்பத்தை எடுத்து மேசையில் வைத்தேன். பெசகாப் பாலையும் காய்ச்சி வைத்தேன். தட்டுகளை வைத்தேன். முறிப்பது குடும்பத் தலைவரின் வேலை என்பதால் கத்தியைக் குரியன் பக்கம் வைத்தேன். உட்கார்ந்தேன்.

தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. ஒருமுறை. பிறகு இன்னொருமுறை.

நிமிர்ந்து பார்த்தேன். எதிரில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. பக்கத்தில் என் மூக்குக்கண்ணாடிக் கூடு. முதுகில் என் கல்லூரிப் பை. அது என் நாற்காலி.

ஜூலையிலிருந்து இந்த வீட்டில் ஆள் இல்லாமல் கிடப்பது அந்த நாற்காலிதான். குரியன் தினமும் சாப்பிடுகிறார். கட்டன் சாயா குடிக்கிறார். எடை கூடுகிறார். அந்தப் பெண்ணைத்தான் காணோம்.

கத்தியைக் கையில் எடுத்திருந்தேன். எப்போது எடுத்தேன் என்று தெரியாது. கீழே வைத்தேன்.

செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். ரோசிலி இன்னும் உள்ளே போகாமல் தன் வீட்டுப் படியிலேயே நின்றிருந்தாள்.

"ரோசிலி!"

திரும்பினாள்.

"அது எனக்குக் கொண்டுவந்ததுதானே?"

துண்டைக் கையோடு இறுக்கினாள். "இல்ல டீச்சரே, இது சும்மா…"

"கொடு. அது எனக்குத்தான்."

அவள் முகம் என்ன ஆனது என்று எழுதத் தெரியவில்லை. என் வீட்டுக்கே திரும்பி வந்து, சமையலறைத் தரையில் இலையை விரித்து, அதன் முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முதலில் அழுதது அவள்தான். எனக்கு ஆறுதல் சொல்லும் அழுகையாக அது இல்லை. பயலே, குரியா, எனக்க தோட்டத்துக்குக் கன்னு பறிச்சுத் தந்தியேடா, என்று அவள் சின்ன வயதுச் சிநேகிதனுக்காக வாய்விட்டு அழுதாள். இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

"உங்க முன்னால அழப்பிடாதுன்னு இவ்வளவு நாளும் பிடிச்சு வெச்சிருந்தோம்" என்றாள் மூக்கைச் சிந்தியபடி. "வீட்ல அழுதா இவிய ஏசுவாவ. டீச்சருக்குக் கேக்கும், மிண்டாத இருன்னு."

நான் எவ்வளவு நேரம் அழுதேன் என்று தெரியாது. அவள் மடியில் தலை இருந்தது. உள்ளி மணம் வீசும் மடி.

பிறகு அவளே அப்பத்தை என் பக்கம் நகர்த்தினாள். "முறியுங்க."

"நானா?"

"இந்த வீட்ல பின்னே ஆரு?"

முறித்தேன். அவளுடைய அப்பத்தில் உப்பு குறைவு. ஒரு துண்டு தின்றேன். பிறகு இன்னொன்று. பசித்தது.

எழும்போது ரோசிலி மேசையைப் பார்த்தாள். நான் அவித்தது முழுசாக இருந்தது, நடுவில் சிலுவையோடு.

"இதை என்ன செய்ய?" என்றேன். "சாவு வீட்டில் அவித்தது. யாரும் தொடக்கூடாதில்லையா?"

அவள் தன் காலிப் பாத்திரத்தைத் துண்டால் துடைத்து, அப்பத்தை அதில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள்.

"அவிக்கும்போது இது சாவு வீடா இருக்கல்ல, டீச்சரே" என்றாள். "பிள்ளைகளுக்குக் குடுக்குதேன்."

அவள் போன பிறகு சேச்சிக்குப் போன் செய்தேன். அச்சனிடம் நாளைக்கே சொல்கிறேன் என்றேன். சேச்சி நெடுநேரம் போனை வைக்கவில்லை.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

சிலுவைப்பாதை முடிந்து கோயில் பின்புறம் கஞ்சியும் பயறும் ஊற்றினார்கள். வெயில் தாங்க முடியவில்லை. அங்கே உட்கார்ந்து குடிக்கும் கூட்டத்தோடு எனக்குச் சேராது. தூக்குவாளி கொண்டு போயிருந்தேன். அச்சனைப் பார்த்துப் பேசிவிட்டு வரிசையில் நின்றேன்.

அண்டாவுக்குப் பின்னால் செறியான். வியர்வை வழியக் கரண்டியைப் பிடித்திருந்தார். என் முறை வந்ததும் எல்லோரிடமும் கேட்டதையே என்னிடமும் கேட்டார். கேட்ட பிறகுதான் யாரிடம் கேட்டோம் என்று அவருக்குப் புரிந்தது.

"எத்தனை பேருக்கு?"

"ஒருத்தருக்கு."

ஊற்றினார். பயறு வைத்தார். கை தன்னால் அடுத்த கரண்டிக்குப் போயிற்று. நான் வாளியை மூடினேன்.

கஞ்சி கொதிக்கக் கொதிக்க இருந்தது. வாளியைக் கை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.